குழந்தையாய் அமர்ந்து கற்பித்தல்

சிவாலயங்களின் தெற்குக் கோட்டத்திலே வீற்றிருக்கும் தட்சிணாமூர்த்தி திருவடிவத்தைக் கண்டிராத தமிழர் அரியர். கல்லால மரத்தின் கீழ், ஒரு காலால் முயலகனை மிதித்து, மறு காலை மடித்து, வலக்கையிற் சின்முத்திரை காட்டி இருக்கும் அப்பெருமானுக்கு முன்னே சனகர் முதலிய முனிவர் நால்வர் அமர்ந்திருக்கின்றனர். அவர்கள் ஐயம் தீர்க்க வந்த மாணாக்கர். அவ்வடிவத்தைப் பன்முறை வணங்கியும் நெடுங்காலம் எம் கருத்திற் படாத செய்தி ஒன்று உண்டு. மாணாக்கர் முதியவர், குருவோ இளையவர் என்பது மரபு. நரை திரை கண்டோர் கேட்டிருக்க, இளமை மாறாத ஒருவர் கற்பிக்கின்றார். அதுவும் வாய் திறந்து அன்று, மௌனத்தால்.

சுவாமிமலைத் தலத்தின் கதையும் இத்தகையதே. பிரணவத்தின் பொருளைத் தந்தை கேட்க, மகன் சொல்கின்றான். கேட்பவர் பணிந்து நிற்க, சொல்பவன் உயர்ந்து இருக்கின்றான். தகப்பன்சாமி என்ற பெயர் அதனால் வந்தது. குழந்தை உயர்ந்த இடத்தில் இருக்க, உலகுக்கெல்லாம் முதல்வன் காது கொடுத்து நிற்கும் இக்காட்சியை, சிறுவயதில் எமக்குச் சொன்னோர் முருகன் பெருமையாகவே சொன்னார்கள். ஏறக்குறைய 20 ஆண்டுகள் வெண்கட்டி பிடித்த பின்னரே, அது ஆசிரியருக்குச் சொல்லப்பட்ட கதையும் ஆகலாம் என்று எமக்குத் தோன்றியது.

இம்மலருக்கு நாம் வழக்கமாக எழுதுவது இலக்கணக் கட்டுரை. ஒற்று மிகும் இடங்களைப் பற்றி எழுதினோம். லகர ளகர ழகர வேறுபாடு பற்றி எழுதினோம். அவற்றைப் படித்த பெற்றோர் சிலர் பாராட்டவும் செய்தனர். இம்முறை, அவ்விலக்கணத்தைக் கற்பிக்க முற்படுபவரின் உள்ளம் எந்நிலையில் இருத்தல் வேண்டும் என்பதைச் சிறிது ஆராய விழைகின்றோம். இதற்குக் காரணமான நிகழ்ச்சி ஒன்று எம் வகுப்பிலே நடந்தது. அதனைப் பின்னர்க் கூறுவோம்.

குழந்தைமை வேறு, சிறுபிள்ளைத்தனம் வேறு

குழந்தை உள்ளத்தோடு கற்பிக்க வேண்டும் என்றதும், வகுப்பிலே வேடிக்கை காட்டுதல், குரலை மாற்றிப் பேசுதல், பிள்ளைகளோடு குதித்து ஆடுதல் என்று சிலர் பொருள் கொள்கின்றனர். அவை தீயன அல்ல. ஆயினும் நாம் கூறவந்தது அதுவன்று. சிறுபிள்ளைத்தனம் என்பது வளர்ந்தவரிடம் இருக்கத் தகாத ஒன்று. குழந்தைமை என்பது வளர்ந்தவர் இழக்கத் தகாத ஒன்று.

இரண்டு வயதுக் குழந்தை ஒன்று எறும்பைப் பார்ப்பதைக் கவனியுங்கள். அதற்கு அந்நேரத்தில் நேற்று இல்லை, நாளை இல்லை, எறும்பு மட்டுமே உண்டு. எறும்பு எங்கே போகிறது என்பது அதற்குத் தெரியாது. தெரியாது என்பதில் அதற்கு வெட்கமும் இல்லை. முழுமையாக அங்கே இருத்தல், அறியாமையைக் கண்டு அஞ்சாதிருத்தல் ஆகிய இவ்விரண்டையுமே குழந்தைமை என்று இக்கட்டுரையிற் குறிப்பிடுகின்றோம். யோகியர் பல்லாண்டு முயன்று அடைய விரும்பும் நிலையும் இதற்கு வெகு தொலைவில் உள்ளதன்று.

யாழ்ப்பாணத்திலே கொழும்புத்துறையில் வாழ்ந்த யோகர் சுவாமிகள் (1872–1964) தம் குரு நல்லூர்ச் செல்லப்பா சுவாமிகளிடம் பெற்று அன்பர்க்கு வழங்கிய மகாவாக்கியங்கள் நான்கு. அவற்றுள் ஒன்று, "நாம் அறியோம்" என்பது. அதன் தத்துவப் பொருளை விரிக்க எமக்குத் தகுதி இல்லை. ஆயினும் ஆசிரியர் ஒருவர் மேசைமேல் எழுதி வைத்துக்கொள்ளத் தக்க சொற்கள் இவற்றினும் வேறு உண்டோ என்று நாம் ஐயுறுகின்றோம். எட்டு வயதுப் பிள்ளை கேட்ட கேள்விக்கு விடை தெரியாதபோது, தெரியாது என்று சொல்வதற்குப் பதிலாக "இது பாடத்தில் இல்லை" என்று நாம் சொன்ன நாள்கள் பல.

ஆன்மிகம் என்னும் சொல்லையும் இங்கே தெளிவுபடுத்தல் நன்று. எமது பள்ளியில் பல சமயத்துப் பிள்ளைகளும், எச்சமயமும் சாராத வீடுகளிலிருந்து வரும் பிள்ளைகளும் ஒரே பாயில் அமர்கின்றனர். பக்தியைப் பாடத்திட்டத்தில் ஏற்றுவது எம் கருத்தன்று. இயேசு பெருமான் பிள்ளைகளைத் தம்மிடம் வரவிடாது தடுத்த சீடரைக் கடிந்ததும், ஆழ்வார் கண்ணனைத் தொட்டிலில் இட்டுத் தாலாட்டியதும், பிள்ளையிடம் இறைமையைக் காணும் ஒரே பார்வையின் பல வடிவங்களே. தமிழர் இதில் ஒரு படி மேலே சென்று, பிள்ளைத்தமிழ் என ஒரு சிற்றிலக்கிய வகையையே ஆக்கிவிட்டனர். காப்பு, செங்கீரை, தால், சப்பாணி, முத்தம், வருகை, அம்புலி என்று தொடரும் பத்துப் பருவங்களில், அம்புலிப் பருவத்தை மட்டும் எம் ஆசிரிய நண்பர்கள் ஒருமுறை எடுத்துப் பார்த்தல் வேண்டும். குழந்தையோடு விளையாட வருமாறு நிலவை அழைக்கும்போது, சாமம், தானம், பேதம், தண்டம் என்னும் நால்வகை உபாயங்களையும் புலவர் கையாள்கின்றனர். நிலவும் குழந்தையும் ஒப்பு என்று இன்மொழி கூறுவர். வந்தால் இன்னது கிடைக்கும் என்பர். குழந்தை உன்னிலும் உயர்ந்தது என்பர். ஈற்றில் வராவிட்டால் நேர்வதைச் சொல்லி அச்சுறுத்துவர். அடம் பிடிக்கும் மாணாக்கனை எழுத அழைக்கும் ஆசிரியரின் முழு வித்தையும் அங்கே இருக்கின்றது. எம்மைப் போன்றோர் நாலாவது உபாயத்தை முதலிற் கையில் எடுப்பதுதான் வேறுபாடு.

உரோமாபுரியிலிருந்து அடையாற்றுக்கு

இப்பொருள் பற்றி ஆராய்வோர் மரியா மொண்டிசோரி அம்மையாரை (1870–1952) விடுத்துச் செல்லல் இயலாது. அவர் இத்தாலிய மருத்துவர். 1907 ஜனவரி 6-ஆம் நாள், உரோம் நகரின் சான் லொரென்சோ என்னும் ஏழைக் குடியிருப்பில் தம் முதலாவது குழந்தைகள் இல்லத்தைத் தொடங்கினார். அங்கே அவர் கண்ட ஒரு நிகழ்ச்சி உலகப் புகழ் பெற்றது. நான்கு மாதக் கைக்குழந்தை ஒன்றைத் தாயிடமிருந்து வாங்கிக்கொண்டு அவர் வகுப்பினுள் நுழைந்தார். இக்குழந்தை எவ்வளவு அமைதியாக இருக்கிறது பாருங்கள், உங்களால் இப்படி இருக்க இயலாது என்னும் பொருள்பட வேடிக்கையாகவே கூறினார். பிள்ளைகள் அதனை வேடிக்கையாகக் கொள்ளவில்லை. ஒவ்வொருவராக அசைவற்று அமர்ந்தனர். மூச்சின் ஒலியும் அடங்கியது. முன்பு கேளாத மெல்லிய ஒலிகள் அறையிற் கேட்கத் தொடங்கின.

பின்னர் அவர் இதனை ஒரு பயிற்சியாகவே ஆக்கினார். பிள்ளைகள் மௌனமாக இருக்க, அவர் பின்னால் நின்று ஒவ்வொரு பெயரையும் மெல்லிய குரலில் அழைப்பார். அழைக்கப்பட்ட பிள்ளை ஓசைப்படாது நடந்து வரவேண்டும். இவ்வளவு நேரம் காத்திருந்தமைக்குப் பரிசாக இனிப்புக் கொடுத்தபோது பிள்ளைகள் அதனை ஏற்க மறுத்தனர் என்று அம்மையார் பதிந்திருக்கின்றார். அம்மௌனத்தின் இனிமையைக் கெடுத்துவிடும் என்று அவர்கள் எண்ணியது போல் அவருக்குத் தோன்றியதாம். இதனை முதன்முறை படித்தபோது எமக்குக் கல்லால மரம் நினைவுக்கு வந்தது. மௌனத்தாற் கற்பித்தல் முனிவர்க்கு மட்டும் உரியதென நாம் ஒதுக்கி வைத்திருந்தோம்; உரோமாபுரித் தொழிலாளர் பிள்ளைகளோ அதனை ஒரு காலைப் பொழுதிற் கைவரப் பெற்றனர்.

அம்மையாருக்கும் எம் மண்ணுக்கும் உள்ள உறவை நம்முட் பலர் அறியார். 1939 நவம்பரில், சென்னை அடையாற்றுப் பிரம்மஞான சபையின் தலைவராயிருந்த ஜார்ஜ் அருண்டேல் அவர்களின் அழைப்பில் அவர் இந்தியா வந்தார். அருண்டேலின் துணைவியார் கலாக்ஷேத்திரத்தை நிறுவிய உருக்மிணி தேவி அவர்கள். சில மாதங்கள் தங்கிப் பயிற்சி அளித்துத் திரும்புவதே திட்டம். 1940 ஜூனில் இத்தாலி போரில் இறங்கியது. ஆங்கிலேய ஆட்சியின் கண்ணில் அம்மையார் பகைநாட்டுக் குடிமகள் ஆனார். மகன் மாரியோ தடுப்பு முகாமுக்கு அனுப்பப்பட்டார். அதே ஆண்டு ஆகஸ்டு 31-இல், அம்மையாரின் எழுபதாம் பிறந்தநாளை ஒட்டி மாரியோ விடுவிக்கப்பட்டார். ஆயினும் நாடு திரும்பும் வழி போர் முடியுமட்டும் அடைபட்டே கிடந்தது. 1942 முதல் இரண்டாண்டுகள் கோடைக்கானலிலே தங்கினார். 1944-இல் இலங்கைக்கும் வந்து பயிற்சி வகுப்பு நடத்தினார்.

அவர் இத்தாலிய மொழியிற் பேசுவார். மகன் ஆங்கிலத்திற் பெயர்ப்பார். பிறர் நாட்டில், பிறர் மொழியில், எப்போது வீடு திரும்புவோம் என அறியாத நிலையில், எழுபது வயது கடந்த ஒருவர் குழந்தைகளைக் கவனித்துக் கவனித்துக் குறிப்பெழுதினார். அவர்தம் புகழ்பெற்ற நூல்களுள் ஒன்றான உட்கவர் உள்ளம் பற்றிய நூல், இந்தியாவில் ஆற்றிய பேருரைகளிலிருந்து உருவாகி, 1949-இல் அடையாற்றிலேயே அச்சேறியது. நாடு விட்டு நாடு வந்தோரிடம் இனி என்ன பணி இருக்கிறது என்று சோர்வுற்றிருக்கும் நம்மவர்க்கு இச்செய்தியை நாம் அடிக்கடி சொல்வது வழக்கம்.

ஆசிரியர் கல்வி கற்றால் மட்டும் போதாது, அகத்தைத் தூய்மை செய்துகொள்ளவும் வேண்டும் என்பது அம்மையாரின் உறுதியான கொள்கை. குறிப்பாக இரண்டு குற்றங்களை அவர் சுட்டுகின்றார். ஒன்று சினம், மற்றொன்று செருக்கு. வளர்ந்தவரிடம் நாம் சினங்கொண்டால் அவர் எதிர்த்துப் பேசுவார். ஆதலின் நம்மை நாமே அடக்கிக்கொள்வோம். குழந்தை எதிர்க்காது. அதனால் வகுப்பறையிற் சினத்துக்குக் காவல் இல்லை. அச்சினத்துக்குக் கண்டிப்பு என்றும், ஒழுங்கு என்றும் நாம் பெயர் சூட்டிவிடுகின்றோம். இக்கருத்தை நாம் படித்தது பல ஆண்டுகளுக்கு முன். விளங்கிக்கொண்டது சென்ற இலையுதிர் காலத்தில்.

காரைதீவும் நவாலியும்

அயல்நாட்டாரையே ஏன் புகழ வேண்டும் என்று கேட்போருக்காக இருவரைச் சொல்வோம். சுவாமி விபுலாநந்தர் (1892–1947) கிழக்கிலங்கையின் காரைதீவிற் பிறந்தவர், இயற்பெயர் மயில்வாகனம். மதுரைத் தமிழ்ச் சங்கப் பண்டிதர்; இலண்டன் பல்கலைக்கழக விஞ்ஞானப் பட்டதாரி. மானிப்பாய் இந்துக் கல்லூரியில் அதிபராக இருந்தவர். 1922-இற் சென்னை இராமகிருஷ்ண மடத்திற் சேர்ந்து, 1924-இல் துறவு பூண்டார். துறவியான பின்பும் ஆசிரியத் தொழிலை அவர் துறக்கவில்லை. 1929-இல் மட்டக்களப்பு கல்லடி உப்போடையிற் சிவானந்த வித்தியாலயம் எழுந்தது அவர் முயற்சியால். பின்னர் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் தமிழ்ப் பேராசிரியரானபோது, மாலை வேளைகளில் அருகிலிருந்த திருவேட்களத்துச் சேரிக்குச் சென்று, பள்ளிக்கூடம் அறியாத பிள்ளைகளுக்குப் பாடஞ் சொன்னார். மறைந்துபோன யாழின் சுருதியைக் கணக்கிட்டு யாழ் நூல் எழுதிய அறிவு, அங்கே அகரம் எழுதக் கற்றுக்கொடுத்தது. பகலிற் பேராசிரியர், மாலையில் அரிச்சுவடி ஆசிரியர் என இரண்டு மனிதர் அவருள் இருந்ததாகத் தெரியவில்லை.

நவாலியூர் சோமசுந்தரப் புலவர் (1878–1953) பல்லாண்டுகள் ஆசிரியப் பணி செய்தவர். ஈழத்துப் பிள்ளைகளுக்கு அவர் தங்கத் தாத்தா. ஆடிப்பிறப்பு நாளின் கூழும் கொழுக்கட்டையும் அவர் பாட்டில் வந்த பின்னரே எமக்கெல்லாம் இருமடங்கு இனித்தன. கத்தரித் தோட்டத்து வெருளியை அவர் பாடியிருக்கின்றார். (தமிழகத்து நண்பர்கள் சோளக்கொல்லைப் பொம்மை என்பதை நாம் வெருளி என்போம்.) சமயப் பிரபந்தங்களைச் செய்த அதே புலவர், தோட்டத்து வரம்பில் நின்று வைக்கோல் மனிதனைப் பார்த்து வியக்கின்றார். அவ்வியப்பை அவர் பிள்ளைகளுக்காக வரவழைத்துக்கொண்டதாகக் கருத இடமில்லை. வரவழைத்துக்கொண்டதைப் பிள்ளைகள் உடனே கண்டுபிடித்துவிடுவர்.

பழங்காலக் கல்வி முழுவதும் இத்தகையது என்று எவரும் மயங்கவேண்டா. திண்ணைப் பள்ளிக்கூடத்தில் மணலில் விரலால் எழுதக் கற்பித்த முறை மிக அருமையானது. 1790களிற் சென்னையில் இருந்த ஆண்ட்ரூ பெல் என்னும் பாதிரியார், நம் நாட்டுப் பிள்ளைகள் மணலில் எழுதுவதைக் கண்டு வியந்து, தம் பள்ளியிற் புகுத்தி, பின்னர் இங்கிலாந்துக்கும் கொண்டு சென்றார். ஆயினும் அதே திண்ணையிற் கோதண்டம் என்னும் கொடிய தண்டனையும் இருந்தது. பிள்ளையைக் கயிற்றில் தொங்கவிடுவர். மணலைப் போற்றுவோம், கயிற்றை மறவாதிருப்போம்.

நிழல்

இனி எம் வகுப்புக்கு வருவோம். காப்பெல் நகரம் டாலஸ் – போர்ட் வர்த் பன்னாட்டு விமான நிலையத்தின் வட எல்லையில் அமைந்தது என்பதை இங்கு வாழ்வோர்க்குச் சொல்லவேண்டியதில்லை. காற்றின் திசையைப் பொறுத்து, சில நாள்களில் விமானங்கள் தலைக்கு மேலே தாழ்வாகச் சென்றவண்ணம் இருக்கும். சென்ற இலையுதிர் காலத்தில் அத்தகைய ஒரு காலைப் பொழுதில் நாம் ழகரம் கற்பித்துக்கொண்டிருந்தோம். பழம், மழை, வாழை, கிழமை, தமிழ் என்று பலகையில் எழுதிப் பிள்ளைகளைச் சொல்லச் செய்தோம். அடுத்த வாரம் தேர்வு; அதற்கடுத்த வாரம் விழா ஒத்திகை. வாரத்துக்கு 2 மணி நேரம்; ஆண்டுக்கு 30 வாரம் எனக் கொண்டாலும் 60 மணி நேரமே. மணிக்கூட்டைப் பார்த்தே கற்பித்தோம் என்பதை ஒப்புக்கொள்கின்றோம்.

சன்னலோரம் அமர்ந்திருந்த எட்டு வயது மாணவன் ஒருவன் வெளியே பார்த்துக்கொண்டிருந்தான். இருமுறை பெயர் சொல்லி அழைத்தோம், அவன் கேட்கவில்லை. மூன்றாம் முறை அழைத்த குரல் எம்முடையதுதானா என்று பிறகு எண்ணினோம். ஊரிலே கொப்பியும் இல்லாது படித்த பிள்ளைகளின் கதையைச் சொல்லி, இத்தனை வசதி இருந்தும் உனக்கு அருமை தெரியவில்லை என்று வகுப்பின் முன் கடிந்தோம். அவன் அழவில்லை. பலகையைப் பார்த்து, எஞ்சிய நேரம் முழுவதும் எல்லாவற்றையும் சரியாகச் சொன்னான். அது எமக்கு வெற்றி போலவே தோன்றியது.

அடுத்த மூன்று வாரங்கள் அவன் வரவில்லை. தொலைபேசியில் விசாரித்தபோது அவனுடைய தாயார் தயங்கித் தயங்கிக் கூறினார். அன்று வீட்டுக்குப் போனதும் அவன் கேட்டது ஒன்றே: "அம்மா, ஷேடோவுக்குத் தமிழ் என்ன?" விமானம் பறக்கும்போது அதன் நிழல் வாகனத் தரிப்பிடத்தின் மேல் ஓடி, பள்ளிச் சுவரில் ஏறி மறைவதை அவன் பார்த்துக்கொண்டிருந்தானாம். அதற்குத் தமிழ்ச்சொல்லை எம்மிடம் கேட்க எண்ணியிருந்தானாம். கேட்பதற்குள் நாம் முந்திக்கொண்டோம்.

நிழல். ழகரம் உடைய சொல். அன்று ழகரத்தைத் தன் கண்ணாற் பார்த்துக்கொண்டிருந்த பிள்ளை அவ்வகுப்பில் அவன் ஒருவனே. எம் பட்டியலில் அச்சொல் இருக்கவுமில்லை.

இதனை எழுதும்போது வேறொரு வகுப்பு நினைவுக்கு வருவதைத் தவிர்க்க இயலவில்லை. 2009-ஆம் ஆண்டு, இடம்பெயர்ந்தோர் முகாம் ஒன்றில், தறப்பாள் கூரையின் கீழ் நாம் சிறிது காலம் கற்பித்தோம். அங்கே ஏழு வயதுச் சிறுமி ஒருத்தி யாரோடும் பேசாதிருந்தாள். கற்களைப் பொறுக்கி வரிசையாக அடுக்குவாள், கலைப்பாள், மீண்டும் அடுக்குவாள். எமக்கு அப்போது கற்பிப்பதற்கு நூல் இல்லை, பலகை இல்லை, தேர்வு இல்லை, நாளை என்ன என்பதும் இல்லை. ஆதலால் அவளருகே மண்ணில் அமர்ந்து நாமும் கற்களை அடுக்கினோம். எத்தனை நாள் என்று கணக்கு வைக்கவில்லை. ஒருநாள் அவள் தன் வரிசையிலிருந்து ஒரு கல்லை எடுத்து எம் வரிசையில் வைத்து, "உங்களுக்கு ஒண்டு குறையுது" என்றாள். அன்று தொடங்கி எண் கற்றாள். பின்பு எழுத்தும் கற்றாள்.

1908 டிசம்பரில் இத்தாலியின் மெசினா நகரை நிலநடுக்கம் அழித்தபோது அநாதைகளான குழந்தைகள் உரோமாபுரிக்குக் கொண்டுவரப்பட்டு, மொண்டிசோரி முறையிற் பராமரிக்கப்பட்டனர். பேச்சும் உறக்கமும் இழந்து வந்த அவர்கள், அமைதியான ஒழுங்கான சூழலிற் சிறுகச் சிறுக மகிழ்ச்சிக்கு மீண்டனர் என்பர். முகாமிலே நாம் செய்தது இதுவென அப்போது எமக்குத் தெரியாது. வேறு எதுவும் செய்ய இயலாமையாற் செய்தோம். இங்கே குளிரூட்டிய அறையும், வண்ண நூல்களும், பாடத்திட்டமும் கிடைத்தபின், அருகே அமரும் ஆற்றல் எம்மை விட்டுச் சென்றது ஏன் என்பதே எம்மை உறுத்தும் வினா. வசதியைக் குறை கூறுதல் தகாது. ஊரில் அவற்றுக்காக ஏங்கியவர் நாம். குறை எம்மிடம் இருந்த அவசரத்தில். அவசரத்தின் அடியில் ஓர் அச்சமும் இருந்தது: இப்பிள்ளையோடு தமிழ் முடிந்துவிடுமோ என்ற அச்சம். அவ்வச்சத்தை ஓர் எட்டு வயதுப் பிள்ளையின் தோளில் ஏற்றினோம்.

வகுப்பிலே நாம் செய்து பார்த்தவை

இவ்வாண்டு எம் வகுப்பில் மேற்கொண்ட சிலவற்றை உடன் பணியாற்றும் ஆசிரியர் பொருட்டுக் குறிக்கின்றோம். முதலாவது, மௌனம். வகுப்புத் தொடங்குமுன் இரண்டு நிமிடம் எல்லோரும் அசையாது இருப்போம். கண்ணை மூடவேண்டும் என்ற கட்டாயம் இல்லை. பின்னர் எவரெவர்க்கு என்ன ஒலி கேட்டது என்று தமிழிற் சொல்லவேண்டும். முதல் வாரம் சிரிப்பொலி மட்டுமே கேட்டது. இரண்டாம் வாரமும் அப்படியே. நாலாம் வாரத்தில் ஒரு பெண்பிள்ளை, "என் வயிறு பேசுது, ஐயா" என்றாள். அதன்பின் வருகைப் பதிவை உரத்துப் படிப்பதை விட்டு, மெல்லிய குரலிற் பெயர் அழைக்கத் தொடங்கினோம். வகுப்பு ஒழுங்குக்கு இதனினும் சிறந்த வழியை நாம் கண்டதில்லை. இவ்வளவு எளிதானதை 20 ஆண்டுகள் அறியாதிருந்தோம் என்பது வெட்கம்.

அடுத்து, அமரும் முறை. விஜயதசமி நாளில் ஏடு தொடக்கும்போது பெரியவர் பிள்ளையை மடியில் இருத்தி, விரலைப் பிடித்து, பரப்பிய அரிசியில் எழுதுவிப்பார். அப்போது இருவர் முகமும் ஒரே திசையை நோக்கும். இருவர் கண்ணும் ஒரே எழுத்தைப் பார்க்கும். மறுநாள் பாடசாலையில் ஆசிரியர் எதிரே நின்றுவிடுகின்றார். பின்னர் வாழ்நாள் முழுவதும் எதிரேதான். எனவே வகுப்பில் ஒரு பகுதி நேரம் மேசையை விட்டுப் பாயில் இறங்கி, பிள்ளைகளின் பக்கம் அமர்ந்து, அவர்கள் பார்க்கும் திசையிலேயே பலகையைப் பார்க்கின்றோம். எழுத்து அங்கிருந்து பார்க்கையில் எத்துணைச் சிறிதாகவும் உயரத்திலும் இருக்கிறது என்பது முதல் நாளே தெரிந்தது. அரிசித் தட்டையும் விஜயதசமிக்கு மட்டும் ஒதுக்காது, புதிய எழுத்து வரும்போதெல்லாம் எடுக்கின்றோம். மொண்டிசோரி அம்மையார் உப்புத்தாளில் வெட்டிய எழுத்துகளைப் பிள்ளைகள் விரலாற் தடவச் செய்ததும் இதே நுட்பமே. விரல் அறிந்ததைக் கண் மறப்பதில்லை.

"நாம் அறியோம்" என்று ஒரு கொப்பி வைத்திருக்கின்றோம். (காப்பெல் பிள்ளைகள் இதனை நோட்டு என்றே அழைப்பர், இருக்கட்டும்.) எமக்கு விடை தெரியாத கேள்விகளை அதில் எழுதுகின்றோம். மௌனத்துக்கு ஏன் எழுத்து இல்லை? ஆய்த எழுத்துக்கு ஏன் மூன்று புள்ளி? அமெரிக்க நிலவும் ஊர் நிலவும் ஒன்றென்றால் பாட்டி ஏன் இரவில் தொலைபேசியில் "இங்கே விடிந்துவிட்டது" என்கிறார்? இவற்றிற் சிலவற்றுக்கு அறிந்தோர் விடை கூறக்கூடும். ஆயினும் ஆசிரியர் எழுதுகோலை எடுத்துத் தம் அறியாமையைப் பதியும் அக்கணத்திற் பிள்ளைகள் முகத்தில் தோன்றும் ஒளி, விடை சொன்ன நாள்களில் தோன்றியதில்லை.

இவற்றால் தேர்வு மதிப்பெண் உயர்ந்ததா என்று கேட்போர்க்கு, உயர்ந்ததாகச் சொல்ல இயலாது என்பதே விடை. பாடத்திட்டத்தில் இரண்டு பாடங்கள் பின்தங்கியும் விட்டோம். பெற்றோர் ஒருவர் அதனைச் சுட்டிக்காட்டினார்; அவர் கேட்டதில் நியாயம் உண்டு. விழா மேடையில் 133 அதிகாரங்களின் பெயரையும் ஒரே மூச்சிற் சொல்லும் பிள்ளைக்கு நாமும் மகிழ்ந்து கைதட்டுகின்றோம். மனனம் வேண்டாம் என்பது எம் கட்சி அன்று. மனனம் செய்யும் பிள்ளையின் அருகே, அவன் பார்ப்பதைத் தானும் பார்க்கும் ஒருவர் இருத்தல் வேண்டும் என்பதே.

அந்த மாணவன் நாலாம் வாரம் வந்தான். தாயார் எம்மிடம் கேட்டுக்கொண்டதால் வந்தானா, தானாக வந்தானா என்று விசாரிக்கவில்லை. வகுப்பின் முன் கடிந்தமையால் வகுப்பின் முன்னேயே அவனிடம் வருத்தம் தெரிவித்தோம். அவன் அதனைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை; வெளியே போகலாமா என்று மட்டும் கேட்டான். வண்ண வெண்கட்டிகளை எடுத்துக்கொண்டு பத்துப் பிள்ளைகளும் நாமும் வாகனத் தரிப்பிடத்துக்குப் போனோம். காற்று அன்றும் ஏற்றதாய் இருந்தது. முதல் விமானத்தின் நிழல் எம் மேலே கடந்தபோது பிள்ளைகள் அதனைத் துரத்தி ஓடினர். நாமும் சிறிது தூரம் ஓடினோம். மூச்சு வாங்கியது.

அவன் தரையில் முழங்காலிட்டுப் பெரிய நீல எழுத்துகளில் எழுதினான்: நிலல். நாம் திருத்தக் கை நீட்டினோம். அதற்குள் அடுத்த விமானம் வந்துவிட்டது. அவன் எழுந்து ஓடினான். திரும்பி வந்து, தான் எழுதியதைத் தலை சாய்த்துப் பார்த்து, நாக்கை உள்மடித்து இருமுறை மெல்லச் சொல்லிப் பார்த்தான். பின்னர் காலணியால் நடு எழுத்தைத் தேய்த்துவிட்டு, வெண்கட்டிக்காக எம்மிடம் கை நீட்டினான்.